டாக்டர் வேண்டாம் என்றார். அவர் கப்பல் ஏறினார்!

டோனாவூர் அம்மையின் வாழ்க்கைக் கதை

கயத்தாறு என்றதும் கட்டபொம்மன் நினைவு வரும். 1799-ஆம் ஆண்டில் வெள்ளைக்காரர்கள் அவரைத் தூக்கில் போட்ட ஊர் அது. இன்று அந்த ஊருக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. அதுதான் காற்றாலைகள். மேற்கு மலைக் கணவாய் வழியாக வரும் காற்று, ஆனி, ஆடி மாதங்களில் அங்கே ஓயாமல் வீசும். புழுதி பறக்கும். பங்குனி, சித்திரை மாதங்களில் வெயில் கொளுத்தும். கானல் நீர் கண்ணைப் பறிக்கும்.

கயத்தாற்றைத் தாண்டித் தெற்கே போனால் திருநெல்வேலி. அங்கிருந்து கிழக்கே தாமிரபரணிக் கரையோடு போனால் பனங்காடும், நெல் வயலும், தூத்துக்குடிக் கடலும் வரும். மேற்கே போனால் மலை அடிவாரம். இந்தச் சீமையில் பிறந்தவர்களுக்கே கோடை வெயில் பெரும் சோதனை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எத்தனை நாள் தாங்குவார்கள்?

பனி பெய்யும் நாட்டில் பிறந்த ஒரு பெண் இந்தச் சீமைக்கு வந்தார். அவர் திடகாத்திரமானவரும் அல்ல. சிறு வயது முதல் நோயாளி. வெளிநாடு போக உடம்பு இடம் தராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு நாட்டுக்குப் போய், நோய் முற்றி, திரும்பியும் வந்தார்.

அப்படிப்பட்டவர் இந்த மண்ணில் 55 வருஷம் வாழ்ந்தார். ஒரு தடவைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. அவர் பெயர் ஏமி கார்மைக்கேல். நெல்லைச் சீமை மக்கள் அவரை அம்மை என்று அழைத்தார்கள்.

நீலக் கண் கேட்ட சிறுமி

அயர்லாந்து நாட்டின் வடகிழக்குக் கரையில் மில்லைல் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. கடல் ஓரம். எப்போதும் குளிர் காற்று. அங்கே 1867-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி ஏமி பிறந்தார். ஏழு குழந்தைகளில் அவர்தான் மூத்தவர். தகப்பனார் மாவு மில் நடத்தினார். வசதியான குடும்பம்.

ஏமியின் தாயாருக்கு நீல நிறக் கண்கள். ஏமிக்குப் பழுப்பு நிறக் கண்கள். சிறுமி ஏமிக்கு இது பெரிய குறை. ஒரு நாள் இரவு, தனக்கும் நீலக் கண் வேண்டும் என்று கடவுளிடம் வேண்டிக்கொண்டு படுத்தாள். காலையில் எழுந்து கண்ணாடியில் பார்த்தாள். கண் மாறவில்லை! குழந்தை ஏமாந்து போனாள்.

பிற்காலத்தில் தமிழ்நாட்டில் அந்தப் பழுப்புக் கண்தான் அவருக்கு உதவியது. புடவை கட்டி, தோலுக்குச் சாயம் பூசிக்கொண்டு வெளியே போனபோது, அந்நியப் பெண் என்று யாருக்கும் தெரியவில்லை. நீலக் கண் இருந்திருந்தால் காட்டிக் கொடுத்திருக்கும்.

1885-ல் தகப்பனார் இறந்தார். குடும்பத்தில் பணக் கஷ்டம் வந்தது. மூத்த மகள் தம்பி, தங்கைகளைக் கவனித்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில் பெல்பாஸ்ட் நகரத்து மில்களில் ஏராளமான ஏழைப் பெண்கள் வேலை செய்தார்கள். தொப்பி வாங்கக்கூடக் காசு இல்லாமல் சால்வையால் தலையை மூடிக்கொள்வார்கள். கண்ணியமானவர்கள் கூடும் இடத்துக்கு இவர்கள் வருவதைப் பலர் விரும்பவில்லை. ஏமி அவர்களைச் சேர்த்துக்கொண்டார். அவர்களுக்காகவே 500 பேர் உட்காரக்கூடிய ஒரு தகரக் கொட்டகை போட வழி செய்தார். அப்போது அவருக்கு வயது 21.

தலையைப் பிளக்கும் வலி

ஏமியின் மனம் எப்போதும் சுறுசுறுப்பு. உடம்பு அப்படி இல்லை.

அவருக்கு நரம்புவலி நோய் இருந்தது. ஆங்கில வைத்தியர்கள் இதை நியூரால்ஜியா என்பார்கள். நரம்பு ஓடுகிற வழி எல்லாம் வலி ஓடும். மின்னல் வெட்டுவது போல இருக்கும். ஏமிக்கு இந்த வலி வந்தால் உடம்பே சோர்ந்துவிடும். சில சமயம் வாரக் கணக்கில் படுக்கையில் கிடப்பார். பிறகு எழுந்து நடமாடுவார். மறுபடியும் வலி வரும்.

இது உயிரை உடனே எடுத்துவிடும் நோய் அல்ல. ஆனால் விட்டும் போகாது. கூடவே இருக்கும். வெளியே பார்க்கிறவர்களுக்கு ஆள் நன்றாகத்தான் தெரிவார். உள்ளே படுகிற பாடு அவருக்கு மட்டுமே தெரியும். இன்றைக்கு நரம்புவலிக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. அன்று ஓய்வுதான் பெரிய மருந்து.

அன்றைய டாக்டர்கள் இன்னொரு மருந்தும் சொல்வார்கள். அது இட மாற்றம். ஊரை மாற்று, காற்றை மாற்று, நோய் போய்விடும் என்பார்கள். தீவுப் புதையல் கதை எழுதிய ஸ்டீவன்சன், நெஞ்சு நோய்க்காகக் குளிர் நாட்டை விட்டு, பசிபிக் கடலில் உள்ள சமோவா தீவுக்குப் போய்க் குடியிருந்தார். அங்கேதான் 1894-ல் இறந்தார்.

நம் கணித மேதை ராமானுஜன் கதை நேர்மாறு. கும்பகோணத்து வெயிலில் வளர்ந்தவர் 1914-ல் குளிரான இங்கிலாந்துக்குப் போனார். அங்கே உடம்பு கெட்டது. 1919-ல் தாய்நாடு திரும்பினார். காவிரிக் கரையும் கை கொடுக்கவில்லை. அடுத்த வருஷம் சென்னையில் உயிர் நீத்தார்.

புது ஊர் சிலருக்கு மருந்து. சிலருக்கு விஷம். எது மருந்து, எது விஷம் என்று முன்கூட்டியே சொல்வது கடினம். ஏமியும் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

மூட்டை கட்டியாயிற்று, டாக்டர் தடுத்தார்

இங்கிலாந்தில் ராபர்ட் வில்சன் என்று ஒரு முதியவர் இருந்தார். மனைவியையும் மகளையும் பறிகொடுத்தவர். அவர் ஏமியைத் தம் சொந்த மகளாகவே பாவித்து வீட்டில் வைத்துக்கொண்டார்.

1892-ஆம் ஆண்டு ஜனவரி மாதம். தொலைதூர நாட்டுக்குப் போய் ஊழியம் செய்ய வேண்டும் என்று ஏமி தீர்மானம் செய்தார். வளர்ப்புத் தந்தைக்கு இடி விழுந்தது போல இருந்தது. தாயாருக்கும் துக்கம்தான். ஆனாலும் இருவரும் தடை சொல்லவில்லை.

சீனாவுக்குப் போவதாக ஏற்பாடு. லண்டனுக்குப் போய்த் தங்கினார். தேவையான சாமான்களை வாங்கினார். பெட்டியும் கட்டியாயிற்று. கடைசியில் டாக்டர் பரிசோதனை நடந்தது.

டாக்டர் கையை விரித்துவிட்டார். இந்த உடம்பை வைத்துக்கொண்டு சீனாவுக்குப் போக முடியாது என்றார். கட்டிய பெட்டியோடு ஏமி வீடு திரும்பினார்.

இன்னொருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். ஏமி விடவில்லை. 1893-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 3-ந் தேதி ஜப்பானுக்குக் கப்பல் ஏறினார்.

ஜப்பானில் கற்ற பாடம்

ஜப்பானில் மாட்சுயே என்ற ஊரில் தங்கினார். ஒரு நாள் நோயாய்க் கிடந்த ஒரு கிழவியைப் பார்க்கப் போனார். நல்ல குளிர். ஏமி கையில் உரோமக் கையுறை போட்டிருந்தார். அவர் பேசிக்கொண்டே இருந்தார். கிழவியின் கவனம் பேச்சில் இல்லை. கையுறையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்!

ஏமிக்குச் சுரீர் என்றது. தன் அந்நிய உடைதான் குறுக்கே நிற்கிறது என்று புரிந்தது. வீட்டுக்குப் போனதும் ஐரோப்பிய உடையைக் களைந்தார். ஜப்பானியப் பெண்களின் கிமோனாவை அணிந்தார். எந்த ஊருக்குப் போகிறோமோ அந்த ஊர் உடை, அந்த ஊர் பேச்சு. இந்தப் பாடத்தை அவர் சாகும்வரை மறக்கவில்லை.

ஆனால் ஜப்பானின் சீதோஷ்ணம் அவர் தலைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நரம்புவலி முன்னைவிடப் பயங்கரமாக வந்தது. வேலை செய்ய முடியவில்லை. ஓய்வு வேண்டும் என்றார்கள் டாக்டர்கள். சுமார் 15 மாதம்தான் ஜப்பானில் இருக்க முடிந்தது.

1894-ல் அங்கிருந்து கிளம்பினார். ஷாங்காய் போனார். அங்கிருந்து கொழும்புக்கு வந்தார். இலங்கையில் சில மாதம் கழிந்தது. அதற்குள் வளர்ப்புத் தந்தை வில்சனுக்குப் பக்கவாதம் என்று செய்தி வந்தது. உடனே கப்பல் ஏறினார். டிசம்பரில் லண்டன் போய்ச் சேர்ந்தார்.

சீனா மறுத்தது. ஜப்பான் தோற்கடித்தது. இலங்கையிலும் நிலைக்க முடியவில்லை. வயது 27. கூட இருப்பது நோய் ஒன்றுதான். இனி என்ன செய்வது?

பெங்களூரிலிருந்து ஒரு கடிதம்

அப்போது ஒரு கடிதம் வந்தது. பெங்களூரில் நர்ஸாக இருந்த ஒரு சிநேகிதி எழுதியிருந்தார். பெங்களூரின் சீதோஷ்ணம் சுகமானது, உடம்பு நலிந்தவர்களுக்கும் ஒத்துக்கொள்ளும் என்பது கடிதத்தின் சாரம்.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரத்தில் உள்ள ஊர். மார்கழியில் குளிர் நடுக்காது. சித்திரையில் சென்னையைப் போல வேகாது. ஆகவே வெள்ளைக்காரர்கள் அதை விரும்பினார்கள்.

பெண்களுக்கு ஊழியம் செய்யும் ஒரு சங்கம் ஏமியை ஏற்றுக்கொண்டது. 1895-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ந் தேதி கப்பல் புறப்பட்டது. நவம்பரில் சென்னையில் இறங்கி, பெங்களூர் போய்ச் சேர்ந்தார்.

சுகத்துக்காகத் தேடி வந்த ஊர் அவரை எப்படி வரவேற்றது தெரியுமா? கடும் காய்ச்சலோடு! டெங்குக் காய்ச்சல் கண்டது. உடம்பை முறித்துப் போட்டாற்போல வலிக்கும் காய்ச்சல் அது. கொசு மூலம் பரவுகிறது என்பது அன்று யாருக்கும் தெரியாது. புது நாட்டில் முதல் சில வாரங்கள் படுக்கையிலேயே போயின.

காய்ச்சல் விட்டது. ஏமி எழுந்தார். தமிழ் கற்க ஆரம்பித்தார்.

நெல்லைச் சீமைக்கு

1896-ஆம் ஆண்டு கோடையில் ஊட்டியில் தாமஸ் வாக்கரைச் சந்தித்தார். திருநெல்வேலிப் பக்கம் வேலை செய்த பாதிரியார் அவர். மக்கள் வாக்கர் ஐயர் என்பார்கள். தமிழில் நல்ல புலமை உள்ளவர். தெற்கே வந்தால் ஏமி தமிழை நன்றாகக் கற்கலாம் என்றார்.

இங்கேதான் கேள்வி. பெங்களூரின் குளுகுளு காற்றை நம்பி வந்தவர் ஏமி. திருநெல்வேலியோ வெயில் பூமி. மழை குறைவு. நோயாளி எதைத் தேர்ந்தெடுப்பாள்?

ஏமி திருநெல்வேலியைத் தேர்ந்தெடுத்தார். அந்த வருஷக் கடைசியில் பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டார். அடுத்த வருஷம் வாக்கர் தம்பதிகளோடு பண்ணைவிளையில் குடியேறினார். இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், பெருங்குளத்துக்குப் பக்கத்தில் உள்ள சிறு கிராமம் அது.

ஏமி புடவை கட்டினார். தமிழ்ப் பெண்களோடு மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போனார். கரடுமுரடான வண்டிப் பாதை. வண்டி ஆடும் ஆட்டத்தில் நல்ல உடம்பே நோகும். நரம்புவலிக்காரர் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் குழுவில் பொன்னம்மாள் என்று ஓர் இளம் விதவை இருந்தார். அறிவும் அன்பும் நிறைந்தவர். ஏமிக்கு அவர் வலது கை போல ஆனார். நம் ஊர்ப் பேச்சையும், வழக்கத்தையும், குடும்பங்களின் சுக துக்கத்தையும் ஏமி அறிந்துகொண்டது இந்தப் பெண்களிடம்தான். அந்நிய நாட்டில் வாழ வந்தவருக்கு நல்ல காற்றைவிட நல்ல துணை முக்கியம்.

தூத்துக்குடிக்கு ஓடிய குழந்தை

பெருங்குளத்தில் பிரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி இருந்தாள். தகப்பன் இல்லை. தாயார் அவளைக் கோயிலுக்கு விட்டிருந்தாள். அந்தக் காலத்தில் பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கம் இருந்தது. ஆடலும் பாடலுமாகத் தொடங்கிய அந்த வழக்கம், காலப்போக்கில் பல சிறுமிகளின் வாழ்வைப் பாழாக்கியது.

குழந்தைக்கு அம்மா நினைவு தாங்கவில்லை. ஒரு நாள் தப்பி ஓடினாள். தாயார் இருந்த தூத்துக்குடிக்குப் போனாள். ஏறக்குறைய 20 மைல்! பிஞ்சுக் கால்கள் எப்படித்தான் நடந்தனவோ!

அம்மாவைக் கண்டதும் கட்டிக்கொண்டாள். பின்னாலேயே தேடிக்கொண்டு பெண்கள் வந்தார்கள். தெய்வ குற்றம் வரும் என்று பயம் காட்டினார்கள். தாயார் பயந்துவிட்டாள். கழுத்தைக் கட்டிய குழந்தையின் கைகளைப் பிரித்து, அவர்களிடமே ஒப்படைத்தாள். ஓடிப் போனதற்குத் தண்டனையாக அந்தச் சிறு கைகளில் சூடு போட்டார்கள்.

1901-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பிரீனா மறுபடியும் தப்பினாள். இந்தத் தடவை பண்ணைவிளைக்கு வந்தாள். ஒரு பெண் அவளைப் பார்த்து ஏமியிடம் அழைத்து வந்தாள். குழந்தை நேராக வந்து ஏமியின் மடியில் ஏறி உட்கார்ந்தாள். தன் பொம்மையை வைத்துக்கொண்டு, கோயிலில் கண்டதையும் கேட்டதையும் எல்லாம் சொன்னாள்.

ஏமி உறைந்து போனார். அன்றோடு அவர் வாழ்க்கை திசை மாறியது. ஊர் ஊராகச் சுற்றும் வண்டிப் பயணம் குறைந்தது. குழந்தைகளைக் காப்பதே வேலை ஆயிற்று.

டோனாவூர்

அந்த 1901-ஆம் ஆண்டிலேயே அவர்கள் டோனாவூருக்குக் குடிபெயர்ந்தார்கள். திருநெல்வேலிக்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர். அங்கே ஒரு கோயில் கட்டப் பணம் உதவிய டோனா என்ற ஜெர்மானியப் பிரபுவின் பெயரால் அமைந்த ஊர் அது.

ஒரு குழந்தை இரண்டாயிற்று. இரண்டு பத்தாயிற்று. 1904 முதல் கைக்குழந்தைகளும் வந்தன. தாய்ப்பால் இல்லாத சிசுக்கள். பலவற்றுக்கு எலும்பும் தோலுமான உடம்பு. பக்கத்தில் ஆஸ்பத்திரி கிடையாது. டாக்டர் கிடையாது. வெயில் காலத்தில் பால் சீக்கிரம் கெட்டுவிடும்.

குழந்தைகள் இறந்தன. ஒன்றன் பின் ஒன்றாகப் புதைக்க வேண்டியிருந்தது. ஏமியின் நெஞ்சு வெடித்தது.

நெய்யூர் என்ற ஊரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. அதன் பக்கத்தில் சிசுக்களுக்கு ஓர் இல்லம் வைத்தார்கள். பொன்னம்மாள் அதைப் பார்த்துக்கொண்டார். அங்கும் வயிற்றுக்கடுப்பு பரவிப் பல சிசுக்களைக் கொண்டு போயிற்று. டோனாவூரிலேயே ஓர் ஆஸ்பத்திரி வேண்டும் என்ற எண்ணம் ஏமியின் மனத்தில் வேர் விட்டது. அது நிறைவேறப் பல வருஷம் ஆயிற்று.

வெள்ளைக்காரர்களிலேயே சிலர் ஏமியைக் குறை சொன்னார்கள். ஊழியம் செய்ய வந்தவள் ஆயா வேலை பார்க்கிறாளே என்றார்கள். குழந்தைகளைக் கடத்துகிறாள் என்று இன்னொரு பக்கம் குற்றம் சாட்டினார்கள். கோர்ட்டுப் படியும் ஏற வேண்டி வந்தது. ஏமி கலங்கினார். ஆனால் தொட்டிலை விடவில்லை.

மலையில் கிடைத்த மருந்து

இத்தனைக்கும் நடுவில் அவருடைய பழைய நோய் என்ன ஆயிற்று?

போகவில்லை! இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். திருநெல்வேலிக் காற்று பட்டதும் நோய் பறந்துவிட்டது என்று சொன்னால் அது கட்டுக்கதை. தலைவலி வந்தது. காய்ச்சல் வந்தது. படுத்தார். எழுந்தார். மறுபடியும் படுத்தார்.

ஆனால் அவர் ஒன்று செய்தார். வெயிலோடு சண்டை போடவில்லை. இந்த ஊர் மக்கள் எப்படி வாழ்கிறார்களோ அப்படி வாழப் பழகினார். இறுக்கமான ஐரோப்பிய உடையை விட்டு, காற்றோட்டமான புடவை கட்டினார். கோடை உச்சத்தில் மலைக்குப் போனார்.

முதலில் ஊட்டிக்குப் போனார்கள். அது வெகு தூரம். குழந்தைகள் பெருகிய பிறகு அத்தனை பேரையும் அழைத்துக்கொண்டு போக முடியாது. எனவே பக்கத்து மலையிலேயே இடம் தேடினார்கள். திருக்குறுங்குடிப் பக்கம், மலை மேலே நரைக்காடு என்று ஓர் அடர்ந்த காடு. 1917-ஆம் ஆண்டில் அங்கே இடம் கிடைத்தது.

காட்டுக்குள்ளே வீடு கட்டினார்கள். பக்கத்தில் அருவியும் மடுவும் இருந்தன. ஏமி குழந்தைகளோடு நீந்தினார். கீழே சமவெளி அனலாய்க் கொதிக்கும்போது, மேலே குளிர் காற்றும் பறவைகளின் பாட்டும்! உடம்பும் மனமும் தேறிக் கீழே இறங்குவார்கள். நம் மக்கள் குற்றாலச் சாரலைத் தேடிப் போவது எதற்காக? அதே காரணம்தான்.

துணை போன பின்னும்

1912-ல் வாக்கர் ஐயர் மசூலிப்பட்டினத்துக்குப் போன இடத்தில் திடீரென இறந்தார். 1913-ல் அயர்லாந்தில் தாயார் காலமானார். 1915-ல் பொன்னம்மாள் புற்றுநோய்க்குப் பலியானார். மூன்று வருஷத்தில் மூன்று தூண்கள் சாய்ந்தன.

ஊருக்குத் திரும்பி விடலாமே என்று அப்போதும் ஏமி நினைக்கவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் அவரை அம்மை என்று அழைத்தார்கள். அம்மா எங்கே போவாள்?

1918 முதல் ஆண் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டார். 1919-ல் சர்க்கார் அவருக்குக் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் அளித்தது. அவருக்கு அது சங்கடமாக இருந்தது. பதக்கம் கொடுக்கும் விழாவுக்குக்கூட அவர் போகவில்லை.

பிறகு டாக்டர்களும் நர்ஸுகளும் வந்து சேர்ந்தார்கள். சிசுக்களைப் பறிகொடுத்த நாளிலிருந்து அவர் கண்ட கனவு பலித்தது. டோனாவூரில் ஓர் ஆஸ்பத்திரி எழுந்தது. இல்லத்துக் குழந்தைகளுக்கு மட்டும் அல்ல, சுற்று வட்டாரத்து ஏழைகளுக்கும் அங்கே வைத்தியம் நடந்தது.

ஒரு குழி

1931-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 24-ந் தேதி. ஏமிக்கு வயது 63.

களக்காட்டில் மருந்து கொடுக்கும் நிலையம் ஒன்று திறப்பதற்காக ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அதைப் பார்க்க ஏமி போனார். மாலை நேரம். வெளிச்சம் மங்கிவிட்டது. வெட்டக் கூடாத இடத்தில் யாரோ ஒரு குழி வெட்டி வைத்திருந்தார்கள். ஏமி அதில் விழுந்தார்.

கால் எலும்பு முறிந்தது. கணுக்கால் பிசகியது. அன்றிரவே நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். சில வாரத்தில் நடந்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

வாரம் மாதம் ஆயிற்று. மாதம் வருஷம் ஆயிற்று. கால் சரியாகவில்லை. அதோடு நரம்பு அழற்சியும் மூட்டு நோயும் சேர்ந்துகொண்டன. சிறு வயதில் வந்து வந்து போன வலி, இப்போது போகாமல் தங்கிவிட்டது. ஒரே அறை, ஒரே படுக்கை. ஏறக்குறைய இருபது வருஷம்!

படுக்கையிலிருந்து எழுந்த குரல்

நோயாளி சும்மா இருந்தாரா? இல்லை. பேனாவை எடுத்தார்.

நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லும் புத்தகங்கள் பல அவர் கைக்கு வந்தன. படித்துப் பார்த்தார். அவை மனத்தில் ஒட்டவில்லை. ஏன்? அவற்றில் பல, உடல் நலத்தோடு இருக்கிறவர்கள் எழுதியவை. வலி இல்லாதவர் வலிக்காரருக்குப் புத்தி சொல்வது எளிது. எனவே நோயாளியே நோயாளிகளுக்கு ஒரு புத்தகம் எழுதினால் என்ன என்று நினைத்தார். தமக்குள்ள வலியை மறைக்காமல், தூக்கம் வராத இரவுகளை மறைக்காமல் எழுதினார். முள்செடியில் பூத்த ரோஜா என்று பொருள்படும் தலைப்போடு அந்தப் புத்தகம் 1933-ல் வெளிவந்தது. பல நாடுகளில் படுக்கையில் கிடந்தவர்கள் அதைப் படித்தார்கள்.

வாழ்நாள் முழுவதும் அவர் எழுதிய நூல்கள் முப்பதுக்கு மேல். அவற்றில் பல இந்தப் படுக்கையில் பிறந்தவை. குழந்தைகளுக்குச் சின்னச் சின்னக் கடிதங்கள் எழுதுவார். அவர்கள் அறைக்கு வந்து பேசிவிட்டுப் போவார்கள். அம்மை நடக்கவில்லை. ஆனால் இல்லம் முழுவதும் அவர் அன்பு நடந்தது.

அந்தக் காலத்தில் சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டசபையிலும் வெளியிலும் போராடினார். பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 1947-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் அந்த வழக்கம் சட்டப்படி தடை செய்யப்பட்டது. தூத்துக்குடிக்கு ஓடிய குழந்தையின் சூடு பட்ட கைகளைப் பிடித்துக்கொண்டு அழுத ஏமி, அந்தச் செய்தியைக் காதால் கேட்கும் வரை உயிரோடு இருந்தார்.

1948-ல் அறைக்குள்ளேயே இன்னொரு தடவை விழுந்தார். அதன் பிறகு முற்றிலும் படுக்கைதான். 1951-ஆம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி டோனாவூரில் உயிர் பிரிந்தது. வயது 83.

கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அதனால் பிள்ளைகள் ஒரு காரியம் செய்தார்கள். அவரைப் புதைத்த இடத்தில், பறவைகள் தண்ணீர் குடித்துக் குளிக்க ஒரு கல் தொட்டி வைத்தார்கள். அதில் ஒரே ஒரு சொல்லைப் பொறித்தார்கள். அம்மை என்பதே அந்தச் சொல்.

வந்தவர் கண்ட உண்மை

சீனாவுக்குப் போகக் கூடாது என்று தடுத்த டாக்டர் சொன்னது தவறா? தவறு என்று சொல்ல முடியாது. ஏமியின் உடம்பு நோய் உடம்புதான். ஜப்பான் அதை நிரூபித்தது. டாக்டர் சொல்லைத் தட்டுகிறவர்கள் எல்லோரும் பிழைத்துவிடுவார்கள் என்று இந்தக் கதை சொல்லவில்லை. உடம்பு கேட்ட ஓய்வை ஏமி அதற்குக் கொடுத்தார். ஒத்துக்கொள்ளாத நாட்டை விட்டு வெளியேறினார். வெயில் தாங்காத மாதத்தில் மலை ஏறினார். நோயை அவர் பொருட்படுத்தாமல் விடவில்லை. நோயிடம் அடிமையாகவும் இல்லை.

ஊர் மாறியதால் அவர் நோய் தீரவில்லை. ஆனால் புது ஊரில் அவருக்கு ஒரு புடவை கிடைத்தது, ஒரு மொழி கிடைத்தது, பொன்னம்மாள் போன்ற துணை கிடைத்தது, அம்மை என்று அழைக்கக் குழந்தைகள் கிடைத்தார்கள். அவர் கையில் வளர்ந்த குழந்தைகள் ஆயிரத்துக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள்.

கயத்தாற்றில் இன்றும் அதே காற்று வீசுகிறது. சித்திரை வெயில் இன்றும் அப்படியேதான் கொளுத்துகிறது. பனி பெய்யும் ஊரிலிருந்து வந்த நோயாளிப் பெண் ஒருத்தி இந்த வெயிலில் 55 வருஷம் தாக்குப்பிடித்தாள். மலை அடிவாரத்தில், அந்தக் கல் தொட்டியில் இன்றும் பறவைகள் தாகம் தீர்க்க இடம் இருக்கிறது.